ஓடாத இன்ஜினுக்கும் ஆயில் மாற்றுங்கள்

மோட்டார் கொட்டகையிலோ மாட்டுக் கொட்டகை ஓரத்திலோ சாக்கு போட்டு மூடி வைத்திருக்கும் இன்ஜினுக்குக் கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள்? கிராமத்தில் இதைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அது எங்க ஓடுது? வருஷத்துக்குப் பத்து மணி நேரம் ஓடினாலே பெரிசு. அதுக்குப் போய் ஆயில் மாத்துவாங்களா?"

மாற்றத்தான் வேண்டும். தினமும் ஓடும் இன்ஜினைவிட எப்போதாவது ஓடும் இன்ஜினில்தான் ஆயில் சத்தமில்லாமல் கெடுகிறது.

புதுச்சேரியில் பிள்ளையார்குப்பம் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று வில்லியனூர் கொம்யூனில், சங்கராபரணி ஆற்றுப் பக்கம். இன்னொன்று பாகூர் கொம்யூனில், கடலூர் சாலைப் பக்கம். இரண்டு ஊரிலும், சுற்றியுள்ள கிராமங்களிலும் நிலைமை ஒன்றுதான். நெல்லுக்கும் கரும்புக்கும் போர்வெல் தண்ணீரை இறைப்பது கரண்ட் மோட்டார். ஒரு காலத்தில் ராப்பகலாக ஓடிய ஆயில் இன்ஜின், இன்றைக்குக் கரண்ட் போனால் எடுக்கிற மாற்று ஏற்பாடு. அதோடு மானியத்தில் வாங்கிய பவர் வீடர், வயலில் நிற்கும் தண்ணீரை வடிக்க ஒரு சின்னப் பெட்ரோல் பம்ப், சிலர் வீட்டில் ஜெனரேட்டர். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் பயிர் வைப்பவரிடம்கூட, இரண்டு மூன்று ஏக்கர்தான் நிலம் என்றால், இந்த மெஷின்கள் வருடத்தில் 20 மணி, 30 மணி நேரத்துக்கு மேல் ஓடுவதில்லை.

மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எல்லாக் கம்பெனியும் இரண்டு கணக்கு கொடுத்திருக்கும்: ஒன்று மணி, மற்றொன்று மாதம். பம்ப், வீடர் பலவற்றில் இருக்கும் ஹோண்டா ஜி.எக்ஸ். வகை பெட்ரோல் இன்ஜினுக்கு, முதல் ஆயில் 20 மணி நேரம் அல்லது ஒரு மாதத்தில். பிறகு 100 மணி நேரம் அல்லது 6 மாதத்துக்கு ஒரு முறை. எது முதலில் வருகிறதோ அது. வேறு சில கம்பெனிகள் மாதக் கணக்கை ஒரு வருடம் வரை நீட்டுகின்றன. ஒரு வருடத்தைத் தாண்டியும் அதே ஆயில் கிடக்கலாம் என்று எந்தப் புத்தகமும் சொல்வதாகத் தெரியவில்லை. நாம் மணிக் கணக்கை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிடுகிறோம்.

ஓடாமல் நிற்கிற ஆயில் எப்படிக் கெடும்? டப்பாவில் மூடி வைத்த புது ஆயில் சில வருடங்கள்கூட நன்றாக இருக்கும். கெடுவது, இன்ஜினுக்குள் ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி நிறுத்திய ஆயில். ஒரு லிட்டர் பெட்ரோலோ டீசலோ எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. கேட்டால் நம்பச் சிரமமாக இருக்கும். எரிபொருளில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. அதில் பெரும்பங்கு சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயில் இருக்கும் அடிப்பாகத்துக்கு இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறி ஓடினால் அந்த நீராவி மூச்சுக் குழாய் வழியாக வெளியேறிவிடும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் ஆயிலுக்கு அந்தச் சூடு வராது. நீராவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி ஆயிலோடு கலந்துவிடும். சூடேறாத பெட்ரோல் இன்ஜினில், அதுவும் சோக் இழுத்து ஓட்டும்போது, எரியாத பெட்ரோலும் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும்.

இத்தோடு கரியும், எரிந்த எரிபொருளின் அமிலங்களும் சேரும். அமிலத்தை முறிப்பதற்கென்றே ஆயிலில் மருந்து கலந்திருக்கிறார்கள். அந்த மருந்துக்கும் ஓர் அளவு உண்டு. அது தீர்ந்த பிறகு, தண்ணீரும் அமிலமும் கலந்த ஆயில் எட்டு மாதம், பத்து மாதம் என்று பேரிங்கையும் கிராங்கையும் நனைத்தபடி நின்றால் அங்கே துரு பிடிக்கும், அரிப்பு விழும். கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்று வேறு. பகலில் சூடாகி இரவில் குளிரும்போதெல்லாம் இன்ஜின் மூச்சுக் குழாய் வழியாகக் கொஞ்சம் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணியே இரண்டு நாள் காயாத ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

டீசல் இன்ஜின்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பி.எஸ்.6 டீசல் வந்துவிட்டது. அதில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கிடையாது. முன்பெல்லாம் இதைப்போலப் பல மடங்கு கந்தகம் இருந்தது. அது கந்தக அமிலமாகி ஆயிலைச் சீக்கிரம் கெடுத்தது. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் அடிக்கடி ஆயில் மாற்றச் சொன்னதற்கு அப்போது நியாயம் இருந்தது. இன்றைக்கு அந்தப் பயம் குறைந்திருக்கிறது. தண்ணீர்ப் பிரச்னை அப்படியேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் நம்மூர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை வண்டியைத் துடைத்து, சூடம் காட்டி, இன்ஜினை இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவார்கள். "ஓடிட்டு இருந்தாத்தான் கெடாது" என்பது காரணம். சூடம் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த இரண்டு நிமிட ஓட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே கொஞ்சம் தண்ணீரைச் சேர்த்துவிட்டு, அதை விரட்டும் அளவுக்குச் சூடேற்றாமல் நிறுத்துகிறீர்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு முறை இப்படிச் செய்தால், அந்த இன்ஜின் சும்மா கிடந்த இன்ஜினைவிட மோசமாக இருக்கும். ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் இறைக்க விட்டோ, ஜெனரேட்டராக இருந்தால் நாலு விளக்கும் ஒரு மோட்டாரும் போட்டோ, வேலை கொடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். அதற்கு நேரம் இல்லை என்றால் அன்றைக்கு அதைத் தொடாதீர்கள்.

எதிர்ப்பக்கம் ஒரு தவறும் நடக்கிறது. சில கடைகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும் என்பார்கள். முப்பது மணி நேரம்கூட ஓடாத இன்ஜினுக்கு அது வீண் செலவு. வாரண்டி இருக்கும்வரை புத்தகத்தில் எழுதியிருப்பதை அப்படியே செய்து, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்த பிறகு என் கருத்து இது: ஓட்டும்போதெல்லாம் அரை மணி, ஒரு மணி நேரம் வேலை செய்து நன்றாகச் சூடேறும் இன்ஜின் என்றால் வருடத்துக்கு ஒரு முறை போதும். எப்போதும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் மட்டுமே ஓடுகிற இன்ஜினுக்கு ஆறு மாதக் கணக்கு. எதுவாக இருந்தாலும் ஒரு வருடத்தைத் தாண்ட வேண்டாம்.

அதிகம் கவலைப்பட வேண்டியது மானியத்தில் வாங்கிய புது வீடரைப் பற்றி. புது இன்ஜினில் முதல் சில மணி நேரம் ரிங்கும் லைனரும் பல்சக்கரங்களும் ஒன்றோடொன்று உரசிப் பொருந்தும். அந்த உரசலில் உதிரும் இரும்புப் பொடி முழுக்க ஆயிலில்தான் இறங்கும். அதற்காகத்தான் முதல் ஆயிலை 20 மணி நேரத்தில் வடிக்கச் சொல்கிறார்கள். இரண்டு ஏக்கர்காரர் 20 மணி நேரம் ஓட்டி முடிக்க ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகிவிடுகிறது. அதற்குள் மெஷின் பழசாகிவிட்டது என்ற நினைப்பு வந்துவிடும், முதல் ஆயில் மாற்றவே இல்லை என்பது மறந்துபோகும். டிராக்டரில் ஆயில் பில்டர் இருக்கிறது, பொடியைப் பிடித்துக்கொள்ளும். வீடரிலும் சின்ன பம்பிலும் இருக்கும் இன்ஜின்களில் பெரும்பாலும் பில்டரே கிடையாது. கீழே கிடக்கும் ஆயிலை ஒரு கரண்டி மாதிரியான பாகம் வாரி வாரி மேலே தெளிக்கும், அவ்வளவுதான். பொடியும் அதோடு சேர்ந்து சுற்றும். அதை வெளியே எடுக்க ஆயிலை வடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இந்த இன்ஜின் பிடிக்கும் ஆயில் சுமார் 600 மில்லி. லிட்டர் 300, 400 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு முறைக்கு 250 ரூபாய்க்குள் முடிந்துவிடும். களை எடுக்க ஓர் ஆளுக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சின்ன மெஷின்களில் ஹவர் மீட்டர் இருக்காது. எத்தனை மணி ஓடியது என்று எப்படித் தெரியும்? எரிபொருளை வைத்துக் கணக்குப் போடலாம். 5 எச்.பி. டீசல் இன்ஜினும் சரி, சின்னப் பெட்ரோல் பம்பும் சரி, வேலை செய்யும்போது மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். கேன் கணக்கைச் சுவரில் கரியால் எழுதி வைத்தால் போதும்.

டிராக்டரில் ஹவர் மீட்டர் இருக்கிறது, ஆனால் அதை முழுதாக நம்ப முடியாது. பழைய டிராக்டர்களில் மீட்டர் இன்ஜின் சுற்றோடு இணைந்திருக்கும். முழு வேகத்தில் ஓடினால்தான் ஒரு மணிக்கு ஒரு மணி காட்டும். மெதுவாக உறுமிக்கொண்டு நின்றால் பாதிதான் ஏறும். பெரும்பாலான டிராக்டர்களுக்கு 250 மணி நேரம் என்று கணக்கு. சொந்த நிலத்துக்கு மட்டும் ஓட்டுபவர் வருடத்துக்கு 100 மணி காட்டினால், இரண்டரை வருடம் ஒரே ஆயிலில் ஓட்டலாம் என்று நினைக்கிறார். உர மூட்டை எடுக்கப் போய் வந்தது, கரும்பு ஏற்றக் காத்திருந்தது எல்லாம் அந்த மீட்டரில் சரியாக விழுந்திருக்காது. அவருக்கும் வருடக் கணக்குதான் பாதுகாப்பு. 6 முதல் 8 லிட்டர் ஆயிலும் ஒரு பில்டரும் சேர்ந்து மூவாயிரம் ரூபாய் பக்கம் ஆகலாம். செலவுதான், மறுக்கவில்லை. கிராங்கைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்பியவர்களிடம் அதற்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, வருடத்துக்கு ஒரு முறை என்றால் எப்போது? வீடர் போல ஒரு பருவத்துக்கு மட்டும் உழைக்கும் மெஷின் என்றால், வேலை முடிந்து மூடி வைப்பதற்கு முன்பு. நம்மில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு: அழுக்கு ஆயிலோடு மூடி வைத்துவிட்டு, அடுத்த பட்டத்துக்கு எடுக்கும்போது மாற்றுகிறோம். அரிக்க வேண்டியதை அந்த ஆயில் அதற்குள் அரித்து முடித்திருக்கும். ஆயில் இன்ஜின், ஜெனரேட்டர், தண்ணீர் வடிக்கும் பம்ப் போன்ற அவசரத்துக்கு வைத்திருக்கும் மெஷின்களுக்கு நான் சொல்லும் நாள் ஆயுத பூஜை. அன்றைக்கு எப்படியும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் வடகிழக்குப் பருவமழை. பிறகு டிசம்பர் வரை புயல் காலம்.

நமக்குப் புயல் தெரியாததல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர் பக்கத்து வயல்களை மூழ்கடித்தது. கதிர் வரும் நிலையில் இருக்கும் சம்பா நெல், தண்ணீருக்குள் எத்தனை நாள் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். வருடம் முழுக்கத் தூங்கிய பம்ப் எடுத்த எடுப்பில் இரண்டு நாள் நிற்காமல் ஓட வேண்டிய நேரம் அதுதான். தண்ணீர் கலந்து நீர்த்துப்போன ஆயிலோடு அப்படி ஓட்டினால், சில மணி நேரத்திலேயே அது பிடித்து நின்றுவிடலாம். அன்றைக்கு மெக்கானிக் வரமாட்டார், அவர் வீட்டிலும் தண்ணீர்.

வெள்ளத்தில் மூழ்கிய இன்ஜினை ஓடுகிறதா பார்க்கலாம் என்று கயிறு இழுக்கவோ, ஹேண்டில் சுற்றவோ வேண்டாம். முதலில் ஆயிலை முழுக்க வடியுங்கள். எரிபொருளையும் வடித்து, ஏர் கிளீனரைக் கழற்றி, சிலிண்டருக்குள் தண்ணீர் இல்லை என்று மெக்கானிக்கை வைத்து உறுதி செய்த பிறகு, புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி புது ஆயில். இரண்டு முறை மாற்றுவது வீண் இல்லை. முதல் ஆயில் கழுவத்தான்.

மாற்றும் முறையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இன்ஜினை வேலை கொடுத்துப் பத்து பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். சூடான ஆயில்தான் அடியில் படிந்த கசடையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். ஆறிப்போன ஆயிலை வடித்தால் கசடு உள்ளேயே நின்றுவிடும். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சுட்டுவிடும். டிரெயின் போல்ட்டின் வாஷர் நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். மெஷினைச் சமமான தரையில் வைத்துக் கேஜ் அளவுக்கு ஊற்றுங்கள். ஊற்றியதும் அப்படியே மூடிவிடாமல் ஐந்து நிமிடம் ஓட்டினால் புது ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ப் பூசிக்கொள்ளும். பெட்ரோல் மெஷினை மாதக்கணக்கில் மூடி வைப்பதாக இருந்தால் பெட்ரோலையும் எடுத்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். இப்போது வரும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது.

நாள் வருமுன்பே ஆயில் கெட்டுவிட்டதா என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். டீசல் இன்ஜினில் மாற்றிய சில மணி நேரத்திலேயே ஆயில் கறுத்துவிடும். கரியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். பயப்பட வேண்டியது பால் கலந்த டீ போன்ற நிறத்துக்கு. மூடியின் உள்பக்கம் வெள்ளையாக நுரை கட்டியிருந்தாலும் தண்ணீர் சேர்ந்துவிட்டது. ஊற்றாமலே கேஜில் ஆயில் அளவு ஏறியிருந்தால் இன்னும் மோசம். "நம்ம இன்ஜின் ஆயிலே குடிக்கலை" என்று பெருமைப்படுவார்கள். உண்மையில் பெட்ரோலோ டீசலோ உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். கேஜை முகர்ந்து பார்த்தாலே தெரியும். அப்போது ஆயில் மாற்றினால் மட்டும் போதாது, எங்கிருந்து இறங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

எந்த ஆயில் என்பதற்குப் புத்தகத்தில் இருக்கும் எண்தான் பதில், கடைக்காரர் கையில் இருப்பது அல்ல. வீடருக்கு 600 மில்லிதான் தேவை என்பதால் மீதி 400 மில்லியை இறுக மூடி வைத்துக் குறைந்தபோது ஊற்றிக்கொள்ளலாம். கியர் பெட்டிக்கு வேறு ஆயில், இதை அதில் ஊற்றக் கூடாது. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டருக்கும் மருந்து அடிக்கும் மெஷினுக்கும் ஆயில் மாற்றும் வேலையே இல்லை. கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காமல் இருந்தால் சரி. ஆனால் இப்போது ஃபோர் ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரும் வருகிறது. அதில் இருப்பதே 100 மில்லி, ஒரு டீ கிளாஸ் அளவு. அதை மறந்தால் மன்னிக்காது.

வடித்த ஆயிலை வாய்க்காலில் ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கரையான் வராமல் இருக்க மரத்துக்குப் பூசுபவர்கள் அதைவிட அதிகம். அதில் உலோகப் பொடியும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய கரிப் பொருள்களும் இருக்கின்றன. சட்டப்படி அது அபாயகரமான கழிவு. மாட்டுக் கொட்டகைத் தூணுக்குப் பூசினால் மாடு நக்கும். ஒரு கேனில் சேர்த்து, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

உழவர் உதவியகங்களில் இருக்கும் வேளாண் அலுவலர்களிடமும், குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடமும் ஒரு வேண்டுகோள். மானியத்தில் கொடுக்கும் மெஷின் பயனாளியிடம் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறீர்கள், பக்கத்தில் நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள். அப்போதே கேஜை ஒரு முறை வெளியே இழுத்துப் பாருங்கள். மெஷின் கொடுக்கும் நாளில் அதன் டேங்க் மேல் தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள்: முதல் ஆயில் எந்தத் தேதியில், அடுத்தது எந்தத் தேதியில், எத்தனை மில்லி, என்ன ஆயில். ஸ்டிக்கருக்கு ஆகும் செலவு சில ரூபாய். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் ஊருக்கு ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, ஆயில் செலவு விவசாயியுடையது, கூலி மட்டும் துறையுடையது என்று ஒரு நாள் முகாம் போட்டால், பிள்ளையார்குப்பம் அளவுள்ள ஊரின் வீடர், பம்ப், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடலாம். வடித்த ஆயிலையும் அங்கேயே ஒரே பீப்பாயில் சேர்த்து அனுப்பலாம்.